கடைசியில் யார் பெயர்

கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று ஜர்னலில் இருந்து மின்னஞ்சல் வந்த அன்று, டாக்டர், இன்ஜினியர், சமூகவியல் ஆசிரியை மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கைதட்டிக் குதித்தார்கள். குதித்த இடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய எக்ஸ்ரே அறை, ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் கால் ஒடிந்த சக்கர நாற்காலிகள், இன்னொரு பக்கம் இன்ஜினியரின் துளை போடும் மெஷின், நடுவில் ஒரு மேசை. மூன்று வருஷமாக அவர்களுடைய ஆராய்ச்சி அந்த மேசையில்தான் குடித்தனம் நடத்தியது.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு வாக்கர் கொடுத்து அனுப்புகிறது. அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து மறுபடியும் விழுகிறார்கள். எலும்பு டாக்டருக்கு ஏன் என்று புரியவில்லை. எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்ஜினியர் சத்தியம் செய்தார். குறைத்தார். அதன்மேலும் துண்டு காய்ந்தது.

அப்புறம்தான் அவளைக் கூப்பிட்டார்கள். சமூகவியல் துறையில் தற்காலிக ஆசிரியை. வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, மனிதர்கள் சொல்வதையும் செய்வதையும் பொறுமையாகக் கவனிப்பதே அவள் படித்த படிப்பு. வாயைத் திறந்தால் 'ஏன்' என்றுதான் முதலில் வரும். அதனால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் 'ஏன் மேடம்'.

ஏன் மேடம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாள். கண்டுபிடித்தது ரொம்பச் சின்ன விஷயம். வாக்கரைப் பிடித்தால் இரண்டு கையும் போயிற்று. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. அதற்கும் மகனையோ மருமகளையோ கூப்பிட வேண்டும். விழுந்தாலும் விழுவோமே தவிரக் கூப்பிடமாட்டோம் என்று அத்தனை பேரும் ஒரே பிடிவாதமாக இருந்தார்கள். இதைக் கேட்டதும் இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு, நடந்தாலும் தளும்பாத தட்டு ஒன்றை வாக்கரில் பொருத்தினார். யார் யார் விழுகிறார்கள் என்று டாக்டர் ஒரு வருஷம் கணக்கெடுத்தார். விழுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

கட்டுரையை எழுதியது பெரும்பாலும் அவள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜர்னல்காரர்கள் கேட்டது இனி ஒன்றே ஒன்று: மூன்று பெயரையும் எந்த வரிசையில் போடுவது?

அவளுக்கு அந்தக் கேள்வி உயிர்போகிற கேள்வி. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை அவளுடையது. நிரந்தரமாக வேண்டுமென்றால் நல்ல ஜர்னலில் முதல் பெயராக ஒரு கட்டுரை வந்திருக்கவேண்டும், இரண்டாவது மூன்றாவது எல்லாம் செல்லாது என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த வருஷத்தோடு கெடு முடிகிறது. இதை மற்ற இரண்டு பேரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. தன் வாயால் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் குடைந்து குடைந்து கேட்கிறவளுக்குத் தனக்கென்று வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"என்னை நடுவுல போட்டுடுங்க அக்கா. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் ஸ்குரூடிரைவரைத் தேடிக்கொண்டு போய்விட்டார். பெயர், வரிசை எதுவும் அவர் மண்டையில் ஏறாது. சக்கரம் கிறீச்சிட்டால் மட்டும் தூக்கம் வராது.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா என் பேரைக் கடைசியில போட்டுடுங்க, மேடம்."

அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எவ்வளவு பெரிய மனுஷன்! ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவிட்டவர், அனுமதி வாங்கித் தந்தவர், வயதில் மூத்தவர், தானே கடைசிக்குப் போகிறேன் என்கிறாரே. 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி இல்லை. பெரியவர் ஒருவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டால், உடனே ஒத்துக்கொள்வது மரியாதையா? ஒரு பேச்சுக்காவது மறுக்கவேண்டும். அவர் மறுபடியும் சொல்வார், இவள் மறுபடியும் மறுப்பாள், மூன்றாவது தடவை 'நீங்க இவ்வளவு சொல்றதால' என்று ஒத்துக்கொள்ளலாம். இப்படித்தான் அவள் மனக்கணக்கு ஓடியது.

"ஐயோ, அதெப்படி டாக்டர்? நீங்க முதல்ல வாங்க. கடைசியில நான் வர்றேன்."

டாக்டர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். "கடைசி உங்களுக்கா?"

"ஆமா. எனக்குக் கடைசிதான் பொருத்தம்" என்று அவள் இன்னும் அழுத்திச் சொன்னாள். இரண்டாவது மறுப்புக்காகக் காத்திருந்தாள்.

மறுப்பு வரவில்லை. டாக்டரின் முகம் சுருங்கிப்போயிற்று. "சரி. உங்க இஷ்டம்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். மேசையில் அவருடைய டீ குடிக்காமலேயே ஆறியது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பையைச் சோபாவில் எறிந்தாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, யாராவது வேகமாகப் பேச ஆரம்பித்தாலே அவர் கால் தரையில் பிரேக்கை மிதிக்கும். அன்று மிதித்துக்கொண்டே இருந்தார்.

"முதல் இடத்தையும் வாங்கிட்டு, மூஞ்சியையும் தூக்கி வெச்சுக்கிட்டுப் போறாருங்க! நான் என்ன அவர் சொத்தையா கேட்டேன்?"

"இரு, இரு. முதல் இடம் யாருக்கு வேணும்?"

"எனக்குத்தான்."

"நீ என்ன சொன்ன?"

"கடைசி போதும்னு சொன்னேன்."

கணவர் மோவாயைச் சொறிந்தார். "என்கிட்ட கத்துக்க வர்றவங்களும் இதையேதான் பண்றாங்க. இடது பக்கம் கையைக் காட்டிட்டு வலது பக்கம் திரும்புறது. அப்புறம் பின்னாடி வர்றவன் மோதிட்டான்னு அழுறது."

"ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க!"

"அது அவருக்கு எப்படித் தெரியும்? நேராப் போய், எனக்கு முதல் இடம் வேணும் டாக்டர்னு சொல்லு."

நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளுக்கு உள்ள ஒரே குறை, அவற்றை நாம்தான் செய்யவேண்டும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். டாக்டரோ பின்பக்கத்து அறைப் பக்கமே வரவில்லை. "என்ன அக்கா ஆச்சு? டாக்டர் யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசலை. என் புதுச் சக்கரத்தைக்கூட என்னன்னு கேக்கலை" என்று இன்ஜினியர் வந்து குறைப்பட்டுக்கொண்டார். அவருக்குச் சக்கரம்தான் கவலை.

வாரம் திரும்புவதற்குள் டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. 'நீங்கள் கேட்டபடியே அனுப்பிவிட்டேன்.' கூடவே ஜர்னலின் பக்கம். முதலில் டாக்டர் பெயர், நடுவில் இன்ஜினியர், கடைசியில் அவள்.

அவள் கல்லூரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மூன்று வருஷம் எத்தனை மாடிப்படி ஏறியிருப்பாள், எத்தனை பேருடைய மூட்டுவலிக் கதையைக் கேட்டிருப்பாள். எல்லாம் ஒரு வெட்டி மரியாதையில் போயிற்றே என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. முகத்தைக் கழுவினாள். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய நோயாளிகள். இவர்கள் மூவரும் உருவாக்கிய வாக்கரோடு வந்திருந்த ஒரு பெரியவர், தட்டில் காப்பியை வைத்துக்கொண்டு, சிந்தாமல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். புது வண்டி வாங்கியவர் முகம் அவருக்கு. வேறு நாளாக இருந்தால் அவள் நின்று இரண்டு கேள்வி கேட்டிருப்பாள்.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சண்டை போடுவது என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தாள். உள்ளே போய் டாக்டரைப் பார்த்ததும் அத்தனையும் உதிர்ந்துபோயிற்று. மனிதர் ஒரு வாரத்தில் வாடியிருந்தார். முதல் இடம் கிடைத்தவர் இப்படியா இருப்பார்? அவளுடைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது. இத்தனை வீட்டில் இத்தனை பேரிடம் ஏன் ஏன் என்று கேட்டவள், இவரிடம் கேட்கவே இல்லையே!

நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "டாக்டர், ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் கடைசியில போடுங்கன்னு சொன்னீங்களே, ஏன்?"

டாக்டர் மேசையைப் பார்த்தார். "இப்ப எதுக்கு மேடம்? நீங்க கேட்டதைக் கொடுத்துட்டேனே."

"எனக்குப் புரியலை டாக்டர். நிஜமாவே புரியலை. உங்க துறையில கடைசின்னா என்ன?"

அவள் விளையாடுகிறாளா என்று டாக்டர் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "கடைசின்னா தலைவர், மேடம். ஆராய்ச்சி யாரோடதோ அவர் பேர்தான் கடைசியில வரும். எங்காளுங்க பேப்பரைக் கையில எடுத்தாலே முதல்ல கடைசிப் பேரைத்தான் பார்ப்பாங்க. நான் சின்ன டாக்டரா இருந்தப்ப என் பேர் முதல்ல வந்தது. அப்புறம் வருஷக்கணக்கா நடுவுல. கடைசியில எப்பவும் எங்க பெரிய டாக்டர்தான். அவர் ஓய்வு பெற்று இப்பதான் போனார். இந்தத் தடவை என் பேர் கடைசியில வரும்னு என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லி வெச்சிருந்தேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதையே நீங்க கேட்டீங்க. என்னை முதல்ல வாங்கன்னீங்க. முதல்லன்னா யாரு? ஓடியாடி எடுபிடி வேலை பார்த்த பையன். எனக்குக் கோவம் வந்தது. பொய் சொல்லலை, ரெண்டு நாள் பயங்கரக் கோவம். என் ஆஸ்பத்திரி, என் நோயாளிங்க, இந்தம்மா தலைவரான்னு. அப்புறம் நம்ம கட்டுரையை ஒரு தடவை முழுக்கப் படிச்சேன்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சதும் வெட்கமா போச்சு, மேடம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எலும்பு. அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சது சக்கரம். அவங்க ஏன் விழுறாங்கன்னு கண்டுபிடிச்சது நீங்க. எங்களை இந்த வழியா வாங்கன்னு கூட்டிட்டுப் போனதும் நீங்க. கடைசி இடம் உங்களுக்குத்தான் நியாயம். கொடுக்க மனசு வரலை, அதான் கஷ்டமா இருந்தது. ஆனா கொடுத்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. "டாக்டர், எங்க துறையில கடைசின்னா டீ வாங்கிக் கொடுத்தவங்க."

டாக்டர் வாயைப் பிளந்தார்.

"முதல் பேர்தான் எங்களுக்குப் பேர். முதல் பேரா ஒரு கட்டுரை வரலைன்னா இந்த வருஷத்தோட எனக்கு வேலையும் இல்லை. அன்னைக்கு நான் கடைசின்னு சொன்னது ஒரு பேச்சுக்கு. நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"கடவுளே! நான் உங்க வேலைக்கே வேட்டு வெச்சுட்டு, பெரிய தியாகம் பண்ணிட்டதா நினைச்சு சோறு இறங்காம உக்காந்திருக்கேனா?"

"நானும்தான் டாக்டர். அழுது மூக்கெல்லாம் எரியுது."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். பெரிய உடம்பு, மேசை ஆடியது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். அச்சுக்குப் போவதற்கு முன் ஒருமுறை திருத்தலாம் என்று ஜர்னலில் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். இன்ஜினியருக்குப் போன் போட்டு, அவள் பெயரை முதலுக்கும் டாக்டர் பெயரைக் கடைசிக்கும் மாற்றச் சம்மதமா என்று கேட்டார்கள். "என் இடம் மாறுதா?" என்றார் இன்ஜினியர். இல்லை என்றதும், "அப்ப எதுக்கு சார் என்னைக் கூப்பிடறீங்க, கையெல்லாம் கிரீஸ்" என்று வைத்துவிட்டார்.

திருத்தத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. "தவறுதலாக மாறிவிட்டதுன்னு போட்டுடலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தவறு இல்லையே டாக்டர். ஒருத்தருக்கு ஒருத்தர் பெரிய இடத்தைக் கொடுக்கப் பார்த்தோம். எது பெரிய இடம்னு மட்டும் கேட்டுக்கலை."

"அதையே போடறேன்" என்று டாக்டர் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். எழுதி முடித்து, அவள் பெயரை மேலே இழுப்பதற்குக் கையை வைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க, டாக்டர்" என்றாள் அவள்.

ஸ்டூலை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தாள். முதலில் டாக்டர், நடுவில் இன்ஜினியர், கடைசியில் அவள். காலையில் இதே வரிசையைப் பார்த்துத்தான் எல்லாம் போயிற்று என்று அழுதாள். இப்போது டாக்டரின் கண்ணால் படித்தாள். அவர் இத்தனை வருஷம் காத்திருந்த நாற்காலியில், மனசு கசந்தும், அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார். எந்தக் கல்லூரியும் எந்தக் கமிட்டியும் அவளை இவ்வளவு உயரத்தில் வைத்ததில்லை. இனியும் வைக்கப்போவதில்லை.

டாக்டர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே அடுத்த நோயாளி இருமினார்.

"பார்த்துட்டேன்" என்றாள் அவள். "இப்ப மாத்திடுங்க."