எதிரே ஆள் இருந்தால்

...ஒரு வார்த்தை, புரோகிராமில் அந்த வரியின் கடைசியில் ஃப்ளஷ் என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அம்சவேணி இந்நேரம் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நாலாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடக்கமாட்டாள்... கீர்த்திவாசன் எஸ்டேட் ஆபீஸ் வராந்தா பெஞ்சில் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான், பந்தலூர் மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது, உள்ளே எஸ்டேட் மேனேஜர் தொரையும் ஹெட் ஆபீஸிலிருந்து வந்த பெரியவரும் விசாரணைக்கு நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது, பக்கத்தில் யானை வாட்சர் இசக்கி, துவைத்துக் காயாத காக்கிச் சட்டையின் ஈரவாடையோடு, டீ கிளாஸை இவன் பக்கம் நகர்த்தினார். குடிங்க சார், சூடு மட்டும்தான் இருக்கும், நல்ல தூளெல்லாம் ஏலத்துக்குப் போயிருது, நமக்கு மிஞ்சுறது தொடைச்சுப்போடற தூசி. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். யானை வந்த செய்தியைப் போனில் பார்க்காமல் விட்டாரென்று இன்றைக்கு இவரை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும், மூன்று தலைமுறையாக இருக்கிற வீடு, அது தெரிந்தும் எப்படி இந்த மனுஷனுக்குச் சிரிப்பு வருகிறது?

கூடை, கூடையென்று சொன்னால் இவருக்கே புரிந்துவிடும், எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், குன்னூரில் சாயந்திரக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் ஆரம்பிப்பான்... பறிக்கிறவள் ஒவ்வொரு கொழுந்தையும் தராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாளா, இல்லை, முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டே போகிறாள், நிறைந்தால்தான் நடை. புரோகிராமும் அப்படித்தான், எழுது என்று நாம் சொன்ன உடனே அது எழுதிவிடுவதில்லை, மொழியோடு கூடவே வருகிற லைப்ரரி நம்மைக் கேட்காமலே ஒரு கூடையை வைத்துக்கொள்கிறது, பஃபர் என்று அதற்குப் பேர், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நடை நடந்தால் கம்ப்யூட்டர் சோர்ந்துபோகும் என்று அதற்கொரு கரிசனம். இதில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று, அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தானாக உயரும்... அந்த லைப்ரரி எதிரே யார் என்று பார்க்கும்! எதிரே திரை இருந்தால், ஆள் உட்கார்ந்து பார்க்கிறான் என்று எண்ணி, ஒரு வரி முடிந்ததுமே கொடுத்துவிடும். எதிரே ஆளில்லை, இன்னொரு புரோகிராம்தான் வாங்கிக்கொள்கிறது என்றால் அவசரமே இல்லை, கூடை நிறையட்டும் என்று வைத்துக்கொள்ளும். ஃப்ளஷ் என்று சொன்னால்தான் நிறையாத கூடையைக் கவிழ்க்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு என்று வகுப்பில் சொல்வான், இன்றைக்கு அந்த அழகு மீன்முள்ளாகக் குத்தியது.

வீட்டில் திரையைப் பார்த்துத்தானே சோதித்தான், ஒவ்வொரு வரியும் டக் டக்கென்று வந்தது, மனைவி ராஜப்ரியா தோசைக் கரண்டியோடு வந்து நின்று, ஏனுங்க, யானை நம்ம ஊட்டுக்கேவா வருது, என்று கேலி செய்தாள். இங்கே தொழிற்சாலை அறையில், யானை வந்தால் வாட்சர் போனுக்குச் செய்தி அனுப்புகிற அந்தப் பெட்டியை வைத்தபோது திரையை எடுத்துவிட்டு, யானையைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதுவதை, செய்தி அனுப்புகிற புரோகிராம் வாங்கிக்கொள்ளும்படி கோத்தான். எதிரே ஆளில்லை. போலி யானைகளைச் சரமாரியாக விட்டுப் பார்த்தான், கூடை சட்டென்று நிறைந்து இசக்கியின் பொத்தான் போன் விடாமல் துள்ளியது, எல்லாரும் சிரித்தார்கள், கும்பலாக வருதே என்று ஒருத்தர் கேட்டதற்கு, சிக்னல்தாங்க, என்றான், இந்த மலையில் எதற்கும் சிக்னலைச் சொன்னால் போதும். நிஜ யானை ஒற்றையாக வந்தது. ஒரு வரி. கூடையின் அடியில் கிடந்தது அந்த ஒரு வரி, அம்சவேணி கடைசிப் பாத்தியில் குனிந்திருந்தபோதும், கான் பள்ளத்தில் தூக்கி எறியப்பட்டபோதும்... மறுநாள் காலை இவன் வந்து என்ன கோளாறென்று பார்க்கப் புரோகிராமை நிறுத்தினான், நிறுத்தும்போது லைப்ரரி கையிலிருப்பதைக் கொட்டிவிட்டுத்தான் போகும், அதுவும் வகுப்பில் சொல்வதுதான், கூட எடுத்துவந்த திரையில் 'அனுப்பப்பட்டது' என்று ஓடியது, அப்போதே தெரிந்துவிட்டது. இசக்கி அந்த நேரம் ஆஸ்பத்திரியில் அம்சவேணியின் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றார், போனைப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் தொரை போனை வாங்கிச் செய்தியைப் படித்தார், நாலாம் நம்பர் மலை, நேற்று மாலை, மணி உட்பட. அது யானை வந்த மணி. செய்தி வந்த மணி கீழே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும், தொரை கீழே தள்ளவில்லை, இவன் பக்கத்தில்தான் நின்றான், சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை? இன்னும் மூன்று எஸ்டேட் இதே பெட்டியைக் கேட்கிறது என்பதாலா, இல்லை, தப்பு இவ்வளவு சின்னது என்று சொல்ல வெட்கமா...

ஒண்ணு சொல்லட்டுமா சார், என்றார் இசக்கி, மழையைப் பார்த்தபடி. முந்தாநேத்து வரைக்கும் மாரியம்மா மேல சத்தியம் பண்ணேன், மெசேஜ் வரலைன்னு. இப்ப யோசிச்சா, அன்னிக்கு பீடி பத்தலை, ஒரே காத்து, அந்நேரம் சட்டைப்பையில போன் உதறுன மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் பார்ப்போம்னு விட்டுட்டேன் போல. இல்லைங்கண்ணா, என்றான் கீர்த்திவாசன். என்ன இல்லை, மிஷின் பொய் சொல்லுமா, நீங்க படிச்சுப் படிச்சுச் செஞ்சது, மனுஷன்தான் மறந்துருவான், அந்தப் புள்ள முகத்துல எப்பிடி முழிப்பேன்னுதான் சார் இருக்கு. நடக்காத ஒன்று இந்த மனுஷனுக்குள் நடந்ததாகிக்கொண்டிருக்கிறது, காற்று, பீடி, உதறல், நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேரும், பிறகு உண்மையைச் சொன்னாலும் அவரே நம்பமாட்டார்...

கதவு திறந்தது, ஆபீஸ் கிளார்க் பாலமுருகன் எட்டிப்பார்த்தான். இசக்கி, வா. போனை வெளியிலேயே வெச்சுட்டு வா, போன விசாரணைல எவன் போனோ கத்திப் பெரியவருக்குக் கோவம். அதுல இருக்கறதைத்தான் தொரை எழுதிட்டாரே. இசக்கி எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், இதைக் கொஞ்சம் வெச்சிருங்க சார், என்று போனைக் கீர்த்திவாசன் கையில் வைத்தார், அவர் நெஞ்சுச் சூடு அதில் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. இவன் செய்தியைத் திறந்தான், கீழே தள்ளினால் மணி இருக்கும், காலை மணி, அதை எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தள்ளினால் போதும், எழுந்துவிடலாம், இதோ... கட்டைவிரலைப் பார்த்தான். அது கீழே தள்ளுகிற பொத்தானில் இல்லை. இடது ஓரத்தில், அழிக்கவா என்று கேட்கிற பொத்தானின்மேல் இருந்தது, எப்போது அங்கே போனதென்று அவனுக்குத் தெரியவில்லை.