சீலை கட்டாத ரீச்சர்

அருமைநாயகிக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அந்தத் திங்கட்கிழமை காலை அதிபரின் மேசைக்கு முன்னால் நின்று அவள் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்து போகாதது அதிசயம்.

"ரீச்சர், நீங்கள் உந்த உடுப்போடை வகுப்புக்குப் போகேலாது." அதிபர் சீவரத்தினம் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற துணிவு அவருக்கு எங்கே இருந்தது?

"உந்த உடுப்பு எண்டால் எந்த உடுப்பு, சேர்?"

"உந்தப் பஞ்சாபிதான்."

ஆம், பஞ்சாபிதான். கழுத்து மூடி, கணுக்கால் மூடி, மேலே சால்வையும் போட்ட பஞ்சாபி. சீலை கட்டினால் தெரிகிற இடுப்புக்கூட இதில் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு வந்ததற்குத்தான் பத்தாம், பதினோராம் வகுப்புக்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ஒரேயொரு ரீச்சரைக் குற்றவாளி மாதிரி நிற்க வைத்திருந்தார்கள்.

போன வியாழக்கிழமை நடந்ததைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். யுத்தமும் பொருள் தடையுமாய், டீசல் இல்லாமல் பஸ் நின்றுபோன காலம். அருமைநாயகி நீர்வேலியிலிருந்து சண்டிலிப்பாய்க்கு அங்கால் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் வந்து போனாள். அந்தச் சைக்கிளின் செயின் கவர் உடைந்து மாதக்கணக்காகிறது. புதிது வாங்கலாமென்றால் கொழும்பிலிருந்து சாமான் வந்தால்தானே? சீலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் ஹாண்டிலைப் பிடித்து, முதுகு நோக நோக மிதிப்பாள்.

உரும்பிராய் தாண்டி வரும்போது ஆமியின் ஹெலி வந்தது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோரத்திலும் வாய்க்காலுக்குள்ளும் போய் விழுந்தார்கள். அவளும் குதித்து ஓடத்தான் பார்த்தாள். சீலைக்கரை செயினுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. இன்னும் இழுத்தாள், சைக்கிளோடு சேர்ந்து நடுரோட்டில் விழுந்தாள். மேலே ஹெலி வட்டமடித்துச் சுட்டது. கொஞ்சத் தூரத்தில் தார் தெறித்தது. 'கடவுளே, ஒரு சீலைக்கரையாலையோ நான் சாகப் போறன்' என்றுதான் அவளுக்கு நினைவு ஓடியது. பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோன ஒரு மனிதர் வாய்க்காலுக்குள்ளிருந்து தவழ்ந்து வந்து, குலை வெட்டுகிற கத்தியால் சீலையை அறுத்து, அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

அன்று பின்னேரம் கிறீஸ் பிடித்த அந்தச் சீலையைத் தங்கச்சி பூரணத்தின் மடியில் கொண்டுபோய்ப் போட்டாள். வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுப்பவள் பூரணம்.

"நல்ல துண்டைப் பாத்து எடுத்து எனக்கொரு பஞ்சாபி தைச்சுத் தா. இனிச் சீலையோடை சைக்கிள் ஏற மாட்டன். ஏறினால் என்ரை பேர் அருமைநாயகி இல்லை."

இதையெல்லாம் அதிபரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"கேள்விப்பட்டனான் ரீச்சர். பெரிய கவலையாத்தான் கிடக்கு. எண்டாலும் சீலை எண்டது எங்கடை பண்பாடெல்லே."

பண்பாடு! இந்த மனிதரின் பண்பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். முந்தி ஆண் ஆசிரியர்கள் சப்பாத்துப் போடாமல் பள்ளிக்கூட வாசல் படலையைத் தாண்டக்கூடாது. கடையில் சப்பாத்து இல்லாமல் போனதும், "செருப்போடை வாங்கோ, நாட்டு நிலைமை அப்பிடி" என்று சொன்னவர் இவரேதான். சவர்க்காரம் தட்டுப்பட்டதும் பனம்பழத்தைப் பிசைந்து தன் வேட்டியைத் தோய்த்தார். அந்த வாசத்துக்கு ஒரு மாடு மானிப்பாய் ரோட்டிலிருந்து அவரைத் துரத்திக் கலைத்துக்கொண்டு வந்து, முழுப் பள்ளிக்கூடமும் பார்க்கப் படலைக்குள் விட்டுவிட்டுப் போனது. அப்போதெல்லாம் பண்பாட்டுக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை. ஆம்பிளைகளுக்கு என்றால் நாட்டு நிலைமை. அவளுக்கு மட்டும் பண்பாடு. இந்த அநியாயத்தை எந்தக் கோயிலில் போய் முறையிடுவது?

"யோசப்பின் ரீச்சரைப் பாருங்கோ," என்றார் அதிபர். யோசப்பின் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து மானிப்பாயில் இருக்கிற இளம் ரீச்சர். பஞ்சாபியோடு சைக்கிளில் வந்து, பள்ளிக்கூடத்துக்கு முன்வீட்டில் சீலைக்கு மாறி, பின்னேரம் திரும்பவும் அங்கே மாற்றிக்கொண்டு போவாள். "அவவைப் போல நீங்களும் சத்தமில்லாமல் மாத்தலாம்தானே?"

"அப்ப சேருக்கும் அது தெரியும். தெரிஞ்சுகொண்டு தெரியாத மாதிரி இருக்கிறதுக்குப் பேர்தான் பண்பாடோ? நான் ஆரின்ரையும் வீட்டிலை களவெடுத்துப்போட்டே வாறன், ஒளிச்சு நிண்டு மாத்த?"

அதிபருக்கு வியர்த்தது. "என்னைக் கோவிச்சு என்ன பிரயோசனம்? ஆழ்வாப்பிள்ளையர்தான் ஒற்றைக்காலிலை நிக்கிறார். வெள்ளிக்கிழமை பெற்றார் கூட்டத்திலை முடிவெடுப்பம். அதுவரைக்கும் வகுப்புக்குப் போகாதேங்கோ."

ஆழ்வாப்பிள்ளை புகையிலை வியாபாரி, பெற்றார் சங்கச் செயலாளர். அவர் ஒற்றைக்காலில் நின்றால் அதிபர் இரண்டு கால்களிலும் விழுவார்.

அந்தக் கிழமை முழுக்க அருமைநாயகி ஆசிரியர் அறையில் சும்மா இருந்தாள். டிசம்பரில் பிள்ளைகளுக்குச் சோதினை. பக்கத்தில் கணக்குப் பாடத்துக்கு ஆளில்லாமல் பதினோராம் வகுப்பு இரைந்தது. அந்த இரைச்சல் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. கூட்டத்தில் சீலைதான் என்று முடிவானால், ஒன்று மறுபடி சீலையோடு அந்த ரோட்டில் இறங்க வேண்டும், அல்லது இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டுமே அவளால் ஏலாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிடுகு வேய்ந்த கொட்டில் வகுப்பில் கூட்டம் கூடியது. ஆழ்வாப்பிள்ளை மொடமொடத்த வேட்டியோடு எழுந்து நின்றார்.

"ஆசிரியர் எண்டால் ஒரு மரியாதை வேணும். இண்டைக்குப் பஞ்சாபி, நாளைக்கு என்ன? எங்கடை பொம்பிளைப் பிள்ளையள் ஆரைப் பாத்துப் பழகிறது?"

அருமைநாயகி கண்ணாடியைக் கழற்றினாள். "உங்கடை விறாந்தையிலை உங்கடை மகள் கனடாவிலை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நிக்கிற படம் மாட்டியிருக்கிறியள். வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டுறியள். அந்தப் பிள்ளை ஆரைப் பாத்துப் பழகினது, ஐயா?"

"அங்கை குளிர், ரீச்சர்!"

"இங்கை ஹெலி, ஐயா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை வாய் திறக்க, வானத்தில் குண்டு போடுகிற பொம்பர் இரைந்தது.

அவ்வளவுதான். இருந்த வாங்குகள் கவிழ்ந்தன. மாமரத்துக்குக் கீழே வெட்டியிருந்த பங்கர்க் குழியை நோக்கி எல்லாரும் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால், கைக்குழந்தைக்காரியையும் இடித்துக்கொண்டு ஓடியவர் பண்பாட்டுக் காவலர்தான். அவர் குதித்த குதியில் வாசல் பனங்குற்றியில் அடித்திருந்த ஆணி வேட்டியைப் பிடித்துக்கொண்டது. பர்ரென்று ஒரு சத்தம். மனிதர் உள்ளே, வேட்டி வெளியே.

எங்கோ தூரத்தில் குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. மண் கொட்டியது. அந்த அரையிருட்டில், தாய்மாருக்கு நடுவில், ஆழ்வாப்பிள்ளை உள்காற்சட்டையோடு குந்தி இருந்து முழங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முனகினார். குண்டுக்கு முனகினாரோ வேட்டிக்கு முனகினாரோ தெரியாது. பெண்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். அருமைநாயகிக்குப் பாவமாக இருந்தது. உடுப்பால் வருகிற வெட்கம் என்னவென்று நடுரோட்டில் கிடந்தவளுக்குத் தெரியாதா? தன் சால்வையை எடுத்து, அவர் பக்கம் பார்க்காமல் நீட்டினாள்.

"பெரிய உபகாரம், பிள்ளை," என்றார் அவர். இவ்வளவு காலத்தில் அவளைப் பிள்ளை என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

பொம்பர் போனது. எல்லாரும் வெளியே வந்து மண்ணைத் தட்டினார்கள். வேட்டி நடுவால் கிழிந்து சேற்றில் கிடந்தது. அருமைநாயகி இனிப் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தாள். மனிதனாகப் பிறந்த எவனும் இதற்குப் பிறகு உடுப்பைப் பற்றி வாய் திறப்பானா?

ஆழ்வாப்பிள்ளை திறந்தார். இடுப்பில் நீலப் பூப்போட்ட சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போய் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"சரி, விட்ட இடத்திலை இருந்து தொடங்குவம். இப்ப நீங்களே பாருங்கோ. ரீச்சர் சால்வையும் இல்லாமல் சபையிலை நிக்கிறா. இதைத்தான் நான் அப்போதை தொட்டுச் சொல்லுறன். சீலை எண்டால் இப்பிடி நிக்க வருமே?"

அருமைநாயகிக்குக் காது இரண்டும் அடைத்தது. கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து போனாள். இப்படியும் ஒரு மனிதனா! அவள் கொடுத்த துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது அவள் தோளில் இல்லையென்று குற்றம் சொல்லுகிறானே! வெட்கம், மானம், சூடு, சுரணை எதுவுமே இல்லையா இந்த ஆளுக்கு? அதிபரைப் பார்த்தாள். அவர் மாமரத்தில் இலை எண்ணுகிறவர் போல அண்ணாந்து நின்றார்.

"சீலைதான் கட்டோணும் எண்டிற ஆக்கள் கையை உயத்துங்கோ," என்று சொல்லி ஆழ்வாப்பிள்ளை தானே முதலில் வலக்கையை உயர்த்தினார். இடக்கை முடிச்சைப் பிடித்திருந்தது. அவருக்குப் பயந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழும்பின.

அருமைநாயகி நடந்துபோய் அவர் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"என்ரை சால்வையைத் தாங்கோ."

"என்ன?"

"சால்வை இல்லாமல் சபையிலை நிக்கிறது பிழை எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னியள்? தாங்கோ, போடுறன்."

"இப்... இப்பவோ?"

"இப்பவேதான். பண்பாடெல்லே, ஐயா. அது ஒரு நிமிசமும் பொறுக்காது."

உயர்ந்திருந்த வலக்கை தானாக இறங்கி வந்து இடுப்பைப் பிடித்தது. முதலில் சிரித்தது யோசப்பின். வாயைப் பொத்திக்கொண்டு தொடங்கியவள் பிறகு பொத்தாமலே சிரித்தாள். கைக்குழந்தைக்காரி சிரித்தாள். அவளுக்குப் பின்னால் தாய்மார் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கைகள் கீழே போயின. கடைசியில் ஒரு கையும் இல்லை. அதிபர் மாமரத்திலிருந்து பார்வையை இறக்கி, "அப்ப கூட்டம் முடிஞ்சுது," என்று வேகமாகச் சொன்னார்.

அருமைநாயகி சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் கொதிப்பு ஆறவில்லை.

"சரி, இண்டைக்குக் கட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். "திங்கக்கிழமை முதலாம் பாடம் எனக்குப் பதினோராம் வகுப்பிலை கணக்கு. அதுக்கு முதல் தோய்ச்சுக் கொண்டந்து தந்துபோடோணும். பனம்பழத்திலை மட்டும் தோய்ச்சுப்போடாதேங்கோ, மாடு கலைக்கும்."