பூட்டைத் திருப்பித் தராதவர்

அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் யாரும் சாகவில்லை. யாருக்கும் குணமாகவும் இல்லை.

கட்டடத்தை நடத்திய கம்ப்யூட்டரில் லிஃப்ட், ஆக்ஸிஜன், மருந்து ஃப்ரிட்ஜ், வார்டு ஹீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோகிராம் இருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே செட்டிங்ஸ் கோப்பு. எந்தப் புரோகிராமும் எப்போது வேண்டுமானாலும் அதில் எழுதலாம். அந்தப் பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் ஒரே நொடியில் எழுதப் போய், ஒன்றின் எண் மற்றதன் வரியில் விழுந்தது. மருந்து கெட்டு மூன்று பேர் செத்தார்கள். விசாரணை முடிந்து ஒரு பொறியாளரைக் கொண்டுவந்தார்கள். படிப்பது யாரும் படிக்கலாம், எழுத வேண்டுமானால் கோப்புக்கு உள்ள ஒரே பூட்டைக் கம்ப்யூட்டரிடம் வாங்கி, எழுதிவிட்டுத் திருப்பித் தர வேண்டும், மற்றவை வந்த வரிசையில் காத்திருக்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர் வந்தது. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று மட்டும் கெடு வைக்கவில்லை. "திருப்பித் தராம வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான், ஊறுகாயா போடுவான்?" என்றார்.

கொஞ்ச நாளில், அந்தக் கோப்பில் ஏறாத எதுவும் கட்டடத்துக்குள் நடப்பதில்லை என்று தெரிந்தது. காய்ச்சல் இறங்குவதும் மூச்சு நிற்பதும் அங்கே வரியாக விழுந்த பிறகே நடந்தன. டாக்டர்கள் பழகிக்கொண்டார்கள்.

பூட்டுக்காரரின் மனைவி ஆறாம் கட்டிலில் படுத்த மூன்றாம் நாள், இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். பூட்டுக்காரர் சர்வர் அறைக்குப் போய்ப் பூட்டை வாங்கினார். எதுவும் எழுதவில்லை. திருப்பித் தரவும் இல்லை.

மனைவி நிமிடத்துக்கு முப்பத்தாறு மூச்சு என்று இழுத்துக்கொண்டே கிடந்தாள். பக்கத்து வார்டில் பிரசவத்துக்கு வந்தவளுக்கு வலி மட்டும் இருந்தது, பிரசவம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் வயசானது. அவள் கணவனுக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. "பத்து மாசம் சுமந்தவளுங்க எல்லாம் பீத்திக்கிறாளுங்க, எங்க மருமகளை வந்து பாருங்கடி" என்று மாமியார் வராந்தாவில் சொல்லிச் சிரிப்பாள். ஏழாம் வருஷம் அவளும் சிரிப்பதை விட்டாள். நிர்வாகம் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தது, கம்ப்யூட்டர் அணையவில்லை. பூட்டுக்காரரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவும் வரிசையில் போய் நின்றது.

பதினோராம் வருஷம் பிரசவக்காரி டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு சர்வர் அறை வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, உங்க வீட்டம்மாவை ஒரு தடவையாவது போய்ப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மூச்சு எண்ணைத் திரையில் பார்த்ததோடு சரி. போனார். மனைவிக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. "நான் தூங்கி பதினோரு வருஷமாச்சுங்க," என்றாள். "விட்டுத் தொலைங்களேன்."

அவர் திரும்பி வந்தபோது அவருடைய உதவிப் பொறியாளர், எழுதக் காத்திருந்த வரிகளின் வரிசையைத் திரையில் வைத்திருந்தாள். "சார், உங்க வீட்டம்மாவோடதை மட்டும் கடைசிக்குத் தள்ளிடவா?"

"முதல்ல வந்தது முதல்ல போகட்டும்மா," என்று பூட்டை விட்டார்.

முதல் வரி ஆறாம் கட்டில். அடுத்த நாற்பது நிமிடத்தில் அறுபத்திரண்டு பேர் செத்தார்கள். நூற்றுச் சொச்சம் பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். பூட்டுக்காரருக்கு வேலை போனது. பிரசவக்காரிக்குப் பெண் பிறந்தது. கைக்குழந்தை அளவுதான், ஆனால் முன்பல் இரண்டும் விழுந்து மறுபடி முளைத்திருந்தன. பதிவுக் கவுன்டரில் பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே வரிசை. எழுத்தர் குழந்தையின் வயசு பதினொன்று என்று எழுதி, தகப்பனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அடுத்தது யாருங்க?" என்றார். பின்னால் நின்ற பூட்டுக்காரர், ஆறாம் கட்டில் என்றார்.