மூன்று மணிக்குக் களி

அது புதன்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. இரண்டில் ஒன்றுதான். மற்றவற்றிலும் என் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவதில்லை.

திண்டிவனத்தில் என் அக்காள் பூமாலையின் வீடு. அவள் மகள் இசைவாணியைப் பெண் கேட்டு எத்தியோப்பியாவிலிருந்து மூலு என்ற அம்மாள் வந்திருந்தார். அவர் மகன் தாவீது, சென்னையில் இசைவாணியோடு படித்தவன். அக்காள் கணவர் ராயப்பன் மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"நம்ம வூட்ல கை நனைக்கறவங்களுக்குத்தான் பொண்ணு."

கண்டாச்சிபுரம் பக்கம் இருபது வருடம் கூலிக்குப் போனவர் அவர். நிலத்துக்காரர்கள் அவர் கல்யாணத்துக்கு வந்து, வயிறு சரியில்லை என்று சோடா மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் விழுப்புரத்திலிருந்து ஆட்டுக்கறி வாங்கிப் போயிருந்தேன். பன்னிரண்டரைக்கு இலை போட்டோம். கறியைப் பார்த்ததும் மூலு அம்மாள் மார்பில் கை வைத்துத் தலையசைத்தார். தாவீதிடம் ஏதோ சொன்னார்.

"வாரத்துல புதன், வெள்ளி நோன்பாம்," என்றாள் இசைவாணி. "மூணு மணி வரைக்கும் தண்ணிகூட கிடையாதாம். அப்பறமும் கறி, பால், நெய் தொடமாட்டாங்களாம்."

"அவங்களும் நம்மள மாதிரி கோயிலுக்குப் போயி ஜெபம் பண்ற வேதக்காரங்கதானே? நமக்கு இல்லாத நோன்பா?" மாமாவின் குரல் தாழ்ந்தது. "இந்த மாதிரி சாக்கெல்லாம் கேட்டுக்கினுதான் நான் வளந்தேன்."

"நீ ஏன்டா மொதல்லயே சொல்லல?" என்று இசைவாணி தாவீதைக் கேட்டாள்.

"மறந்துட்டேன்," என்றான் தாவீது. "நான் வெள்ளிக்கிழமைகூட பிரியாணி சாப்புடுவேன்."

"நல்ல புள்ள," என்றாள் அக்காள்.

அதன் பிறகு மூன்று மணிக்காக எல்லோரும் இலையைத் தொடாமல் காத்திருந்தோம். குழம்பில் கொழுப்பு உறைந்தது. மாமா கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

மூன்று அடித்ததும் மூலு அம்மாள் கை கழுவி, நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே அக்காள் தனக்கென்று கிண்டி மூடியிருந்த கேப்பைக் களியை அவர் திறந்து, குனிந்து முகர்ந்தார். "தகுசா," என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கண்கள் நிறைந்திருந்தன.

"எங்க ஊர்ல கேப்பைக்கு அதான் பேரு," என்றான் தாவீது. "அது எங்க மலைப்பக்கத்துலேர்ந்து இங்க வந்ததுன்னு படிச்சிருக்கேன்."

பல் முளைத்த நாளிலிருந்து நான் தின்ற தானியம். எந்தக் கடலில், யார் மடியில் வந்திருக்கும்?

மூலு அம்மாள் களியைத் தட்டில் வைத்து, நடுவில் விரலால் குழி செய்து கீரைக் குழம்பை ஊற்றினார். அக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அப்படித்தான் குழி செய்வாள். மூலு அம்மாள் முதல் கவளத்தை உருட்டி, மாமாவின் வாயருகே நீட்டினார்.

"மரியாதை வெச்சிருக்கறவங்களுக்கு ஊட்டுவோம், அங்கிள்," என்றான் தாவீது.

மாமா அசையவில்லை.

"யோவ், வாயத் தொறய்யா. அவங்களுக்குக் கை வலிக்காதா?" என்றாள் அக்காள்.

திறந்தார். அதே தட்டில் அதே கையால் மூலு அம்மாளும் சாப்பிட்டார். மாமாவுக்கு அந்த ஒரு கவளத்தை விழுங்க வெகுநேரம் ஆனது.

அந்த வருடமே கல்யாணம் நடந்தது. இசைவாணியும் தாவீதும் இரண்டு பெண் பிள்ளைகளோடு அடிஸ் அபாபாவில் இருக்கிறார்கள். மூலு அம்மாள் போன ஆண்டு இறந்துவிட்டார். மாமா திண்டிவனத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். அக்காளுக்கு முழங்கால் வலி, எங்கும் போவதில்லை. நான் விழுப்புரத்திலேயே இருக்கிறேன்.