தலை மாற்றின பாஸ்போர்ட்

சந்தானத்தை அமெரிக்காவில் யாரும் சந்தானம் என்று கூப்பிட்டதில்லை. அவன் வேலை செய்யும் பிளெய்ன்ஸ்பரோ மருந்துக் கம்பனியிலும் சரி, கட்டிய மனைவி திரேசாவுக்கும் சரி, அவன் ஞானேஸ்வரன். தகப்பன் பெயரைப் பிள்ளையின் பெயரோடு சேர்ப்பது நம் வழக்கமல்லவா, அதனால் எட்டு வயது மகளும் லக்ஷிகா ஞானேஸ்வரன். செத்தவன் பெயரைத் தன் பிள்ளை கொப்பி அட்டையில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

உண்மையான ஞானேஸ்வரன் எண்பத்தேழு தை மாதம் பாரிசில் செத்துப்போனான். அமெரிக்காவில் படிக்க நல்ல விசாவோடு புறப்பட்டு, வழியில் சந்தானத்தின் வீட்டில் ஒரு கிழமை தங்கியவன். காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. அந்த வீட்டில் தாய், தமையன், சந்தானம் எல்லாருக்கும் கள்ளப் பாஸ்போர்ட் செய்வதுதான் தொழில்; டொக்டரைக் கூப்பிட யாருக்குத் துணிவு வரும்? மூன்றாம் நாள் மூச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் அவனைப் போர்வையில் சுற்றி, ஓர் ஆஸ்பத்திரி வாசலில் கிடத்திவிட்டு ஓடிவந்தார்கள். அன்று பின்னேரமே சந்தானத்தின் தாய், கேத்தல் ஆவியில் செத்தவனின் பாஸ்போர்ட்டிலிருந்து படத்தை உரித்து எடுத்து, அங்கே தன் மகனின் படத்தை ஒட்டினாள். தலை மாற்றுவது என்பார்கள் இதை. அந்த விசாவில்தான் சந்தானம் அமெரிக்கா வந்து சேர்ந்தான்.

செத்தவனின் தாய் வசந்தாமணி ஊரில் இருந்தாள். அவள் தேடத் தொடங்கினால் எல்லாம் வெளியே வந்துவிடுமே! ஆகவே சந்தானம் அவளுக்கு மகனாகவே கடிதம் எழுதினான், பதினொரு வருசம். மாமி தனியாகக் கிடக்கிறாளே என்று திரேசா இரங்கி, அவளை இங்கே அழைக்க விண்ணப்பம் நிரப்பி நீட்டினாள். சண்டை நடக்கிற ஊரிலிருந்து கிழவி எங்கே வரப்போகிறாள் என்று கையெழுத்துப் போட்டான் மடையன். வந்துவிட்டாள்.

நூவார்க் விமான நிலையத்தில் அவன் முகத்தைத் தடவி, “மெலிஞ்சு போனாய் தம்பி” என்றாள். கண்ணில் புரை. தப்பித்தேன் என்று நினைத்தான். ஆனால் மூன்று நாளாக, அவள் இருமும்போதெல்லாம் பாரிசில் அவள் மகன் இருமிய இருமல் கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம் திரேசா நூலகத்திலிருந்து ஒரு பிரெஞ்சுப் பகிடிப்பட வீடியோக் கசெற் கொண்டுவந்து போட்டாள். பாரிசில் ஒரு குடும்பம். தாயும் பிள்ளைகளும் குசினி மேசையில் இருந்து கள்ளப் பாஸ்போர்ட் செய்கிறார்கள். அவன் எழும்பப் பார்த்தான்.

“மாமிக்குக் கீழை ஓடுற இங்கிலிஷ் எழுத்து விளங்காது. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோவன்” என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள் திரேசா.

“திஸ் இஸ் ஸோ ஃபன்னி, அப்பா!” என்று லக்ஷிகா தரையில் உருண்டாள்.

திரையில் தாய்க்காரி கேத்தலுக்கு மேலே பாஸ்போர்ட்டைப் பிடித்தாள். ஆவி எழுந்தது.

“என்ன செய்யினம் தம்பி?” வசந்தாமணி கேட்டாள்.

“படத்தைக் கழட்டுகினம் அம்மா.”

“ஏன்?”

“வேற ஆளின்ரை படத்தை ஒட்ட.”

“அப்ப அந்தப் பாஸ்போட்டுக்காரன் எங்கை?”

படத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“படத்திலை அது சொல்லேல்லை அம்மா.”

“படத்தை விடுங்கோ.” கிழவியின் குரல் உயரவில்லை. “எயர்போட்டிலை முகத்தைத் தொட்ட உடனையே எனக்குத் தெரியும். மருமகளுக்கு முன்னாலை கேக்க மனம் வரேல்லை. என்ரை பிள்ளை எங்கை?”

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. பதினொரு வருசம் சொல்லிப் பழகிய வாய். ஆனால் அவள் புரை விழுந்த கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“காய்ச்சல் வந்து செத்துப்போனான் அம்மா. பாரிசிலை. ஆஸ்பத்திரி வாசல்லை விட்டிட்டு வந்தனாங்கள்.”

குசினி வாசலில் திரேசா இரண்டு கோப்பைகளோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

வசந்தாமணி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“அவன் ஆரெண்டு ஒரு துண்டிலை பேராவது எழுதி வைச்சனீங்களே?”

“இல்லை அம்மா. பேரை நான் எடுத்துக்கொண்டு வந்திட்டன்.”