நீல மூடிக் குழாய்

கிழட்டு எலியைப் பிடிப்பது சுலபம். குட்டிகளைப்போலத் துள்ளாது. தொட்டதும், எல்லாம் என் தலையெழுத்து என்று கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூண்டம்மா அதை இடது கையால் அமுக்கி, முதுகுக் காயம் வெளிச்சத்தில் படும்படி இரும்பு மேஜைமேல் பிடித்தாள். ஆராய்ச்சிப் பெண் சின்ன அளவுகோலைக் காயத்தோரம் வைத்துப் பார்த்தாள்.

"ஏழு மில்லிமீட்டர். போன வாரமும் ஏழுதான்," என்று நோட்டில் குறித்தாள்.

பத்தொன்பது வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் எலிக் கூண்டு கழுவுவதால் வந்த பேர் கூண்டம்மா. சொந்தப் பேர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருந்தது. வலது கையில் உறைக்குமேல் உறையாக இரண்டு போட்டிருந்தாள். உள்ளே பஞ்சு ஈரமாகிக்கொண்டிருந்தது. எலிகளுக்குக் காயம் செய்த அதே வாரத்தில், கூண்டு மூடியின் உடைந்த கம்பி அவள் உள்ளங்கையையும் கிழித்திருந்தது. பதினாறு நாளாகியும் வாய் மூடவில்லை.

கையில் காயம் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஆறிய பிறகு வரலாம் என்பார்கள். போன வருடம் அப்படிச் சொல்லி அனுப்பிய நெட்டையம்மாவின் இடத்தில் மறுநாளே வேறொருத்தி நின்றாள். கூண்டம்மாவின் வீட்டில் பக்கவாதம் வந்த புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருடைய வைத்தியம் அத்தனையும் அவளுடைய வேலை அட்டையைக் காட்டித்தான் இலவசமாக நடந்தது. அதே அட்டையைக் காட்டி அவள் டாக்டரிடம் போனால் அவர் எழுதும் சீட்டு நேரே அலுவலகத்துக்கு வந்துவிடும். அதனால் மஞ்சளும் பழைய துணியுமாக ஓட்டினாள். திங்கட்கிழமை எல்லோருடைய கையையும் பார்ப்பார்கள்.

"ஏன் கண்ணு, இதுங்களுக்கு மட்டும் ஆற மாட்டேங்குது?" என்றாள், எலிக்காகக் கேட்பதுபோல.

"காயம் பட்டா புதுத் தோல் வளர்க்கிற ஸ்டெம் செல், வெள்ளை அணுக்களைக் கூப்பிடும்மா. வந்து குப்பையை அள்ளுங்கன்னு. அள்ளினதும், போதும் கிளம்புங்கன்னும் அதுதான் சொல்லணும். வயசான செல் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அனுப்பத் தெரியாது. வந்தவங்க அங்கேயே தங்கி நல்ல இடத்தையும் அரிச்சிருவாங்க."

"எங்க நாத்தனார் குடும்பம் மாதிரி," என்றாள் கூண்டம்மா. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

வேலை முடிந்ததும் அடியில் மிச்சம் ஒட்டியிருக்கும் மருந்துக் குழாய்களைக் குப்பையில் போடுவது கூண்டம்மாவின் பொறுப்பு. குட்டிகளுக்கு நீல மூடிக் குழாய், கிழடுகளுக்குச் சிவப்பு மூடி. நீலம் பூசிய முதுகெல்லாம் பத்தே நாளில் ஆறி, முடியும் முளைத்துவிட்டது. நல்ல மருந்தைச் சின்னதுகளுக்குப் போட்டுவிட்டு, கிழடுகளுக்கு ஏனோதானோவென்று எதையோ தடவுகிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். ஆஸ்பத்திரியில் புருஷனை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலெல்லாம் அவள் கண்டது அதைத்தான். நீல மூடிக் குழாய்கள் இரண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐந்து நாள், வேளை தவறாமல் பூசினாள். எரியவில்லை, நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள். புருஷனுக்கு இடது கையாலேயே ஊட்டினாள். அவர் கோணிய வாயால், "கைல என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, நீங்க முழுங்குங்க," என்றாள். ஞாயிற்றுக்கிழமை துணியை அவிழ்த்தபோது காயத்தைச் சுற்றி இன்னும் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் உறையைக் கழற்றச் சொன்னார். கூண்டம்மா ஒன்றைக் கழற்றினாள்.

"இன்னொண்ணையும்," என்றார் அவர்.

கையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "எத்தனை நாளா?"

அவள் ஆராய்ச்சிப் பெண்ணிடம் திரும்பினாள். "நீல மூடி மருந்துதான் கண்ணு போட்டேன். குப்பைக்குப் போனதுதான், திருடலை. குட்டிங்களுக்கெல்லாம் ஆறிச்சே, எனக்கு ஏன் ஆறலை?"

அந்தப் பெண் அவள் கையை எட்டிப் பார்த்தாள். "அதுல மருந்தே இல்லம்மா. வெறும் பசை. குட்டிங்களுக்குத் தானா ஆறிடும். மருந்து சிவப்பு மூடியிலதான் இருந்துச்சு."

"அப்ப அது இருந்தா கொஞ்சம் குடும்மா."

"அதுவும் இன்னும் கேக்கலையேம்மா. எலியை நீங்கதான பிடிச்சிங்க, பாத்திங்கல்ல."

மேற்பார்வையாளர் படிவத்தை எடுத்து வயதைக் கேட்டார். ஐம்பத்தெட்டு என்றாள். காயத்தின் அளவு எழுத ஒரு கட்டம் இருந்தது. ஆராய்ச்சிப் பெண் தயங்கி, எலிகளின் சின்ன அளவுகோலை எடுத்தாள். கூண்டம்மா தானே கையை அந்த இரும்பு மேஜைமேல் மல்லாத்தி, விளக்கு வெளிச்சம் விழும்படி நகர்த்திக் கொடுத்தாள்.

"ஒன்பது மில்லி."

"ஆறின பிறகு வாங்கம்மா," என்று அவர் அட்டைக்குக் கை நீட்டினார்.

"எத்தனை நாள்ல ஆறும், கண்ணு?"

அந்தப் பெண் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அளவுகோலை இரண்டு பக்கமும் துடைத்து, கிழட்டு எலிகளின் தட்டில் திரும்ப வைத்தாள்.