கதாநாயகனுக்கு ஐம்பத்து மூன்று வீதம்

நான் சினிமாவில் நடித்தவள். இதை என் சம்பந்தி அருந்ததியிடம் மகளின் கலியாணத்துக்கு முன்னரே சொல்லிவிட்டேன். "அப்பிடியோ" என்றார். அந்த "அப்பிடியோ"வில் ஒரு துளி நம்பிக்கைகூட இருக்கவில்லை.

பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் படப்பிடிப்பு நடந்த அன்று, ரயிலுக்கு நின்ற எங்களையும் கூட்டமாக நடக்கச் சொன்னார்கள். நான் குடையோடு நடந்தேன். பிறகு படத்தில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். ஆனால் டிவிடியின் கடைசியில் வெட்டிய காட்சிகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒன்பது விநாடி இருக்கிறேன்.

அந்த டிவிடி கீறல் விழுந்து திக்கத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அருந்ததி வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வருகிறார். அதற்குள் பிரதி எடுக்காவிட்டால் நான் சாகும்வரை பொய்க்காரிதான்.

"இதென்ன பெரிய வேலை" என்று கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார் என் கணவர் கனகசபாபதி. காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருப்பவர்; கடை வாசலில் எப்போதும் விலையில் இத்தனை வீதம் கழிவு என்று ஒரு போர்ட் தொங்கும். படம் இருந்த டிஸ்கில் எட்டு ஜீபி. வெறும் டிஸ்க் கொள்வதோ நாலரை. படத்தைச் சுருக்கித்தான் அடக்கவேண்டும். சுருக்குகிற சொப்ட்வெயார் ஒவ்வொரு பகுதிக்கும் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று கேட்டது.

"உமக்கு நாப்பது வீதந்தான் கழிச்சிருக்கிறன். அதுக்குக் கீழ போக விடுதில்லை. கதாநாயகனுக்கு அம்பத்தைஞ்சு. பாத்தீரோ, ஆருக்கு மதிப்பெண்டு."

நான் உருகிப்போனேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் என்னை இப்படிக் கொண்டாடியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் வடை சுட்டுக் கொடுத்தேன்.

டிஸ்க் வெளியே வந்ததும் போட்டுப் பார்த்தோம். கதாநாயகன் ஓரளவு தெரிந்தான். என் காட்சியில் சில சதுரங்கள் நடந்து போயின.

"இதில நான் எங்க?"

"உந்த நீலச் சதுரம்" என்றார், வடையைக் கடித்துக்கொண்டு.

அவரை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். என் வீதத்தைக் கூட்டினேன். டிஸ்கில் என் காட்சி பிடிக்கும் இடம் என்று பக்கத்தில் காட்டிய அளவும் கூடியது. குறைத்தேன், அதுவும் குறைந்தது. விஷயம் விளங்கியதும் எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

"இஞ்சேருங்கோ, இது உங்கட கடை போர்ட் இல்லை. கழிக்கிற வீதம் இல்லையப்பா, மிஞ்சிற வீதம். நாப்பது எண்டால் நாப்பதுதான் மிச்சம். அறுவதை என்னில வெட்டிப் போட்டியள்."

அவர் திரையை நம்பாமல் பார்த்தார். "வீதம் எண்டு போட்டால் கழிவெண்டுதானே சனம் நினைக்கும்" என்றார்.

எனக்கு நூறு வைத்தேன். அந்த நிமிடமே சொப்ட்வெயார் கதாநாயகனை ஐம்பத்து மூன்றுக்கு இறக்கியது.

"சண்டையெல்லாம் மங்கப்போகுது" என்றார் பாவமாக.

"மங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், புதிதாக வாங்கிய பெரிய டிவியில் டிஸ்க்கைப் போட்டேன். சண்டையில் யார் குத்து யாருக்கு விழுந்தது என்று தெரியவில்லை. அருந்ததி இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்தார். நான் பொறுமையிழந்து என் காட்சிக்குத் தாவினேன்.

குடையில் இருந்த பூக்கூடத் தெரிந்தது. பின்னால் கதாநாயகன் காதலியை வழியனுப்பிவிட்டுக் குமுறி அழுதுகொண்டிருந்தான். முன்னால் நான். பழைய குட்டி டிவியில் என் முகம் மிளகளவுதான், அதனால் இத்தனை வருடமும் கவனித்ததில்லை. நேரே கமராவைப் பார்த்து, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, ஒன்பது விநாடியும் இளித்துக்கொண்டே போகிறேன்.

அருந்ததி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்தச் சீனை வெட்டினதே உங்களாலதானோ?"

"ஓம்" என்றேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம்.

"இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. ஐந்தாவது தரம் ஓடும்போது கனடாவில் இருக்கிற தங்கைக்கு ஃபோன் எடுத்தார்.

"எடியே, எங்கட சம்பந்தி சினிமாவில நடிச்சவ. கதாநாயகன்ர அழுகையையே படத்தில இருந்து தூக்க வைச்சவ."